மலையிறங்கும் குடும்பங்களும் போடியின் தெருக்களும்

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்காலம் முடிந்தால் வீடும் கைவிட்டுப் போகும். தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் பொறுப்பை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் மேல் வைத்தது. ஆனால் அது வேலை இருக்கும்வரைதான் வீடு. இளவயதில் கொழுந்து கிள்ள வந்தவர், அறுபதை நெருங்கும்போது கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் வாங்கிக்கொண்டு லயம் எனப்படும் தோட்ட வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ அதே தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே ஒண்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் குடும்பம் கூடிப் பேசவேண்டியது ஒன்றுதான்: கீழே எந்த ஊருக்குப் போவது?

மூணாறு, தேவிகுளம், சூரியநெல்லி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை எனப் பரந்து கிடக்கும் கேரளத்தின் இடுக்கி மலைகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இந்தப் பேச்சில் முதலில் எடுக்கும் பெயர் போடி. ஓய்வு பெற்ற தேயிலைத் தொழிலாளிகள் மட்டும் இப்படி யோசிப்பதில்லை. ஏலத்தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்கள், இரண்டு ஏக்கர் ஏலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் எல்லோரும் இதே கணக்கைப் போடுகிறார்கள். பெருநகரமும் இல்லை, கிராமமும் இல்லை; பல சாதி, பல மதம், பல மொழி சேர்ந்த நடுத்தர ஊர். இப்படி ஓர் ஊருக்குக் குடிபோவதை எதை வைத்து முடிவு செய்வது? ஊர் எப்படி என்று கேட்பதோடு நின்றுவிடாமல், தெரு எது, பிள்ளைக்கு என்ன வயது, வருமானம் எங்கிருந்து என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மலையின் வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு தரையைத் தொடும் இடத்தில் போடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் போடிநாயக்கனூர் இருக்கிறது. அடிவாரத்து முந்தலைத் தாண்டிப் 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், ஊரிலிருந்து 26 கிலோமீட்டரில் போடிமெட்டு. அங்கே கேரளம் தொடங்குகிறது. இந்தச் சரிவு நெடுங்காலமாக வணிகப் பாதையாக இருந்து வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ணன் தேவன் மலைத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில் குரங்கணியை ஒட்டிய கொட்டகுடிப் பக்கம் இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்கு வந்தது. அந்த மலை ரயிலை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்தது. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். 1950-களில் மறுபடியும் போட்டார்கள். அகலப் பாதைப் பணிக்காக 2010 முடிவில் நின்றுபோன ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்குத் திரும்பி வந்தது. இப்போது வாரம் மூன்று முறை சென்னைக்கே நேரடி ரயில் இருக்கிறது. மேலே, மூணாறு–போடிமெட்டு சாலை அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது.

சரிவு ஒன்றாக இருந்தாலும் ஆட்சி இரண்டாகப் பிரிந்தே இருந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்ப் பகுதியோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் அதை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1 முதல் மலை கேரளத்துக்கு உரியதாயிற்று; அடிவாரம் சென்னை மாநிலத்திலேயே நீடித்தது. போடிக் கடைத்தெருவில் தீபாவளிக்குத் துணி எடுக்கும் குடும்பத்தின் ரேஷன் கார்டும் பள்ளிப் பாடத்திட்டமும் சாதிச் சான்றிதழும் வேறொரு மாநிலத்தைச் சேர்ந்தவையாகவே நிலைத்துப்போயின.

இந்தப் பிரிவு எவ்வளவு கூர்மையானது என்பதை 2011 டிசம்பர் காட்டியது. முல்லைப் பெரியாறு அணை விவகாரத்தில் இரு மாநிலங்களுக்கும் இடையே பதற்றம் முற்றியபோது, இடுக்கி மலையிலிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல பயந்து, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தன. பதற்றம் தணிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். ஆனால் அடிவாரத்தில் ஒரு வீடு, கதவு எண் எழுதிய ஒரு முகவரி வேண்டும் என்ற எண்ணம் அந்த நாட்களில் பல குடும்பங்களுக்கு வலுத்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்கள் புதைந்து சுமார் 70 பேர் இறந்தபோது அந்த எண்ணத்துக்கு மேலும் ஒரு காரணம் சேர்ந்தது.

கடைத்தெருவில் சேர்ந்திருப்பவர்கள்

போடிக்கு வருபவர் முதலில் பார்ப்பது கலந்து கிடக்கும் ஊரைத்தான். தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர்களின் பாளையமாகவும் பின்பு ஜமீனாகவும் இருந்த ஊர் இது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருக்கின்றன. வியாபாரத்தில் மலையாளம் இயல்பாகப் புழங்குகிறது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் இடங்கள் இரண்டு: மலை மேல் புற்றடி, மலையடியில் போடி. விளைவிப்பவர் மேலே இருந்தாலும், காயை வாங்கித் தரம் பிரித்து வட நாட்டுக்கு அனுப்பும் வியாபாரத்தின் பெரும்பகுதி கீழே நடக்கிறது. ஏலத் தோட்டக்காரர்கள் சங்கத்தின் பெயரிலேயே ஊரில் ஒரு கல்லூரி இருக்கிறது.

ஏலக்காய்க் கடைகளின் பின்கட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குகிறார்கள். எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று சல்லடை பிரித்துக் கொடுத்த காயிலிருந்து வெடித்தது, நிறம் மங்கியது, பூச்சி துளைத்தது எல்லாவற்றையும் கைதான் பிரிக்க வேண்டும். அந்த வரிசையில் ஊரின் எல்லாத் தெருக்களும் இருக்கின்றன. அதிகாலையில் மலையேறும் ஜீப்புகளிலும் அப்படித்தான். ஒரே ஜீப்பில் தோள் இடித்துக்கொண்டு ஏறும் பெண்கள் வேறுவேறு சாதிக்காரர்கள், வேறுவேறு தெருக்காரர்கள். வேலை அவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதும் ஒவ்வொருவரும் தங்கள் தெருவுக்குப் போகிறார்கள். பழைய போடியின் குடியிருப்புகள், தமிழகத்தின் பெரும்பாலான ஊர்களைப் போல, சாதிவாரியாக அமைந்தவை. இது சிறிய ஊர்களின் பழமை என்றும் நகரம் வளர வளரக் கரைந்துவிடும் என்றும் நாம் நம்ப விரும்புகிறோம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டு விவரங்களைக் கொண்டு இந்தியாவின் ஏழு மிகப்பெரிய நகரங்களை ஆராய்ந்த திரினா விதயத்தில், காயத்ரி சிங் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. பணக்காரர், ஏழை என்ற பிரிவைவிடச் சாதிப் பிரிவே அந்த நகரங்களின் குடியிருப்பில் கூடுதலாக இருந்தது. சென்னையும் அந்த ஏழில் ஒன்று. பெருநகரங்களே கரைக்காத ஒன்று, போடியில் தானாகக் கரையும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிரிந்த தெருக்கள் என்ன விலை கேட்கும் என்பதை இந்த ஊர் அறியும். 1989 செப்டம்பரில் போடியிலும் சுற்று ஊர்களிலும் தலித் மக்களுக்கும் முக்குலத்தோருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அன்று பிறந்த பிள்ளைகளுக்கு இன்று முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. அந்தக் கலவரத்தை இன்றைய போடியின் முகமாகக் காட்டுவது அநியாயம். குடிவர யோசிக்கும் ஒருவரிடம் அதைச் சொல்லாமல் மறைப்பதும் அநியாயமே. கலந்த கடைத்தெரு இருந்தும் அது நடந்தது. கடையில் சேர்ந்து நிற்பதும் பக்கத்து வீட்டில் சேர்ந்து வாழ்வதும் ஒன்றாகிவிடவில்லை என்பதே அதன் பாடம்.

புதிய நகர்களில் நடப்பது

2001-இல் போடி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 73,400. 2011-இல் அது சுமார் 75,700. பத்து ஆண்டில் நூற்றுக்கு மூன்றுதான் வளர்ச்சி; அதே காலத்தில் தமிழ்நாடு வளர்ந்ததோ நூற்றுக்கு 15-க்கும் மேல். நகராட்சி எல்லைக்குள் ஊர் நிரம்பிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கான இடம் ஊருக்கு வெளியே, பிளாட் போட்டு ‘நகர்’ என்று பெயர் வைத்த மனைகளில்தான் இருக்கிறது. பழைய தெருவின் கணக்கு இல்லாத இந்தப் புதிய மனைகளில் எல்லோரும் கலந்து குடியேறலாமே என்று தோன்றும்.

அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதில் எச்சரிக்கை தருகிறது. கட்டம் போட்ட தாளில் இரண்டு வகைக் காய்களைக் கலந்து வைத்தார். யாருக்கும் வெறுப்பு இல்லை. அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கேனும் தன்னைப் போன்றவர் இருந்தால் போதும் என்பதே ஒவ்வொருவரின் விருப்பம். அது கிடைக்காதவர் இடம் மாறலாம். சில சுற்றுகள் நகர்த்தியதும் தாளில் இரண்டு வகையும் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்துவிட்டன. சின்ன விருப்பங்கள் சேர்ந்து, யாரும் நினைத்துப் பார்க்காத பெரிய பிரிவினையை உண்டாக்கிவிட முடியும் என்று அவர் காட்டினார்.

நம் ஊர் மனை விற்பனையில் இதற்கு மேலும் இரண்டு விசைகள் உண்டு. ஒன்று சொந்தம். ஒருவர் மனை வாங்கினால் பக்கத்து மனையைத் தங்கை வீட்டுக்காரருக்கோ மச்சானுக்கோ சொல்லிவைக்கிறார். இன்னொன்று புரோக்கர். ‘உங்க ஆளுங்க அந்தப் பக்கம்தான் இருக்காங்க’ என்று அவர் கை காட்டும் திசையில் குடும்பங்கள் போகின்றன. வாடகைக்கு வீடு கேட்டால் ‘நீங்க எந்த ஊரு?’ என்று தொடங்கும் விசாரணை எங்கே போய் முடியும் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். புதிய நகரை அதன்போக்கில் விட்டுவிட்டால் பழைய தெருவின் பிரிவே புதிய சிமெண்டில் எழும்.

ஆகவே கலந்து வாழும் குடியிருப்பு வேண்டுமென்றால் அதை யாராவது திட்டமிட்டுக் கட்ட வேண்டும். 1997-இல் தென் மாவட்டங்களில் நடந்த சாதிக் கலவரங்களுக்குப் பின், மு. கருணாநிதி அரசு கொண்டுவந்த பெரியார் நினைவு சமத்துவபுரம் அப்படிப்பட்ட ஒரு முயற்சி. முதலாவது சமத்துவபுரம் 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகள், தலித் குடும்பங்களுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. வீடுகளை ஒரே தெருவில் கலந்து ஒதுக்கினார்கள், சுடுகாடும் பொதுவானது. இரண்டு கட்டங்களாக மாநிலம் முழுவதும் 200-க்கும் மேற்பட்ட சமத்துவபுரங்கள் எழுந்தன. போடியில் கலவரம் நடந்த அதே 1989-இல் சிங்கப்பூர், அரசு அடுக்குமாடிகளில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இனவாரி உச்சவரம்பு விதித்தது. தமிழர்களும் சீனர்களும் மலாய்க்காரர்களும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குவது அங்கே தற்செயலாக நடந்ததில்லை. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. சிறுபான்மையினர் வீட்டை விற்கும்போது வாங்கக்கூடியவர் வட்டம் சுருங்கிவிடுகிறது. என்றாலும் குடியிருப்புக் கலப்பு என்பது அரசு தீர்மானித்துச் செய்யக்கூடிய வேலை என்பதை இரண்டு திட்டங்களும் காட்டுகின்றன.

ஆறாம் வகுப்பு என்னும் எல்லைக்கோடு

மலைக் குடும்பங்கள் பெரும்பாலும் ஓய்வு பெறும் ஆண்டை வைத்து இறங்கும் நாளைக் குறிக்கின்றன. பிள்ளையின் வகுப்பை வைத்துக் குறிப்பதே சரி என்று நான் கருதுகிறேன். இதற்குப் பக்கபலமாக இரண்டு காரணங்கள்.

முதலாவது, சட்டமும் திட்டமும் வகுத்த எல்லை. 2020-இல் தமிழ்நாடு, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அதை விரித்தது. 2022-இல் புதுமைப் பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் வந்தன; உயர்கல்வி படிக்கும் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய். இவை எல்லாவற்றுக்கும் வைத்த அடிப்படைத் தகுதி, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. தேவிகுளத்தில் தமிழ் வழியிலேயே படித்தாலும் அது கேரளப் பள்ளி. எட்டாம் வகுப்பில் இறங்கி வரும் பிள்ளை, இரண்டே ஆண்டுத் தாமதத்தால் இவ்வளவையும் இழக்கிறது. போடியிலேயே 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இயங்குகிறது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்கில் இருக்கிறது. கண்ணெதிரே இருக்கும் கல்லூரிக்குள் நுழையும் வழி, பிள்ளையின் பத்து, பதினோரு வயதில் எடுக்கும் முடிவைச் சார்ந்திருக்கிறது.

தலித் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்தத் தகுதி கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. 1950-க்குப் பிறகு மலையேறிய தமிழ்த் தலித் குடும்பங்களின் பிள்ளைகள் கேரளத்தில் சான்றிதழுக்கு அலைந்து வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். தமிழ்நாட்டில் அந்தச் சான்று வேண்டுமென்றால், பூர்விக ஊர் எது என்று காட்டும் காகிதம் தேவைப்படும். தாத்தாவின் பழைய பத்திரமோ பள்ளிச் சான்றிதழோ ரேஷன் கார்டோ வீட்டில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துவது, வீடு பார்ப்பதற்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை.

இரண்டாவது காரணம் ஆய்வுலகத்திலிருந்து வருகிறது. 1990-களில் அமெரிக்காவின் ஐந்து பெருநகரங்களில், ஏழ்மை மிகுந்த அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, வசதியான பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் நதானியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் ஆகியோரும் அந்தப் பிள்ளைகளின் பிற்காலத்தை ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 13 வயதுக்குள் அங்கே குடிபோன பிள்ளைகள், இருபதுகளின் நடுவில், போகாதவர்களைவிட 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 13-ஐத் தாண்டிப் போனவர்களுக்கு நன்மை தெரியவில்லை. சிறிது பின்னடைவுகூட இருந்தது. பெற்றோரின் சம்பாத்தியம் மாறவே இல்லை.

அமெரிக்கப் பெருநகரமும் போடியும் ஒன்றாகாது. ஆனாலும் இந்த முடிவில் நமக்கும் பொருந்தும் செய்தி இருக்கிறது. இடம் மாறுவதன் பயன் முதலில் பிள்ளைகளுக்கு. அதுவும் சிறு வயதில். அக்கம்பக்கம் நல்லதாக அமைந்தால் மட்டும். ஒரு கூட்டாளி வட்டத்தை விட்டு இன்னொன்றில் சேரும் பதின்வயதுப் பிள்ளைக்கு, கேலி செய்யப்படும் மலைப் பேச்சும் பழகாத வெயிலும் அறியாத தெருவும் சேர்ந்து படிப்பையே வெறுக்க வைத்துவிடக்கூடும்.

வருமானம் மேலே, வீடு கீழே

2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் ‘பெண்பிள்ளை ஒருமை’ என்ற பெயரில் வீதிக்கு வந்து போராடிய பின், தேயிலைத் தொழிலாளியின் நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயானது. கிராஜுவிட்டிச் சட்டம் ஓர் ஆண்டு வேலைக்கு 15 நாள் கூலி தருகிறது. 301 ரூபாய்க் கூலியில் 35 ஆண்டு உழைத்தவருக்கு அது சுமார் 1,58,000 ரூபாய். கூலி அதன்பின் கூடியிருக்கிறது. மனை விலையும் கூடியிருக்கிறது. இந்தப் பணத்தில் மனை வாங்கி வீடு கட்ட முடியாது. ஒத்திக்கு ஒரு வீடு பிடிக்கலாம்.

மிச்ச வாழ்க்கைக்கான வருமானம் ஏலக்காயைச் சுற்றியே இருக்கும். காய் பொறுக்கும் வேலை பருவத்தோடு ஏறி இறங்குவது. விலையோ அதைவிட மோசம்: 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது, 2022-இல் சராசரி 1,000 ரூபாய்க்கும் கீழே போனது. மேலே ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஏலமலைக் காடுகளின் நில உரிமை வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் புதிய பட்டா கொடுப்பதை நிறுத்தி வைத்தது. பட்டா இல்லாத நிலத்தை நம்பிக் கீழே வீட்டுக் கடன் வாங்குவது ஆபத்து.

அதனால் குடும்பங்கள் வீட்டைக் கீழே வைத்துக்கொண்டு வேலைக்கு மேலே போகின்றன. கேரளக் கூலி கூடுதல் என்பதால் இது கணக்குக்குச் சரியாக வருகிறது. விடியும் முன் ஜீப் ஏறி, இருட்டும்போது திரும்பும் பெண்ணின் உடம்புக்கு அது எத்தனை ஆண்டு சரியாக வரும் என்பதையும், நெருக்கியடித்து ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் அந்த வளைவுகளில் கவிழ்ந்திருப்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

முடிவெடுப்பதற்கு முன்

ஐந்தாம் வகுப்புக்குள் பிள்ளை இருக்கிறது, குடும்பத்தில் ஒருவருக்கேனும் மேலே நிலையான வேலை இருக்கிறது, பூர்விகக் காகிதங்கள் கையில் இருக்கின்றன என்றால் தயங்காமல் இறங்கலாம். பிள்ளை ஒன்பது, பத்தில் படிக்கிறது என்றால் மலையிலேயே பள்ளிப் படிப்பை முடிக்க விடுவது மேல். பிள்ளைகள் வளர்ந்து பிரிந்துபோன முதியவர்கள், மருத்துவமனையையும் மகன் மகள் வந்துபோகும் வசதியையும் வைத்து முடிவு செய்யலாம். ரயில் திரும்பி வந்தது அவர்களுக்குத்தான் அதிகம் உதவும்.

வீடு பார்க்கும்போது மனை விலைக்கு முன்னால் கேட்க வேண்டியவை: இந்தத் தெருவின் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள்? குழாய்த் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வருகிறதா? தெருத் திருவிழாவில் வரி யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குவதில்லை? இந்தத் தெருவில் வேறு சாதிக் குடும்பம் எத்தனை ஆண்டாக இருக்கிறது? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் விடை, அந்தத் தெருவின் பத்தாண்டு வரலாற்றைச் சொல்லிவிடும். முடிந்தால் முதல் ஆண்டு வாடகைக்கு இருந்து பார்த்த பிறகே கிராஜுவிட்டிப் பணத்தைத் தொட வேண்டும்.

ஆனால் இத்தனை பாரத்தையும் இறங்கி வருகிற குடும்பத்தின் தலையில் வைப்பது நியாயமில்லை. போடியின் செல்வம் மலையிலிருந்து வந்தது. அந்த மலையில் காய் எடுத்தவர்களும் கொழுந்து கிள்ளியவர்களும் வயதான காலத்தில் இந்த ஊரில் வீடு கேட்கும்போது, ஊருக்கும் அரசுக்கும் கடமை இருக்கிறது. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர்களுக்கென அடிவாரத்தில் சமத்துவபுரம் போன்ற கலப்புக் குடியிருப்பு கட்டலாம். இரு மாநில அரசுகளும் பேசி, மலைத் தமிழ்ப் பள்ளியில் படித்த ஆண்டுகளை உதவித் திட்டங்களுக்கும் ஒதுக்கீட்டுக்கும் கணக்கில் கொள்ளலாம். காய் பொறுக்கும் பெண்கள் சாதி பாராமல் ஒரே வரிசையில் உட்கார்ந்து உழைக்க முடியும் என்பதை இந்த ஊர் தினமும் நிரூபிக்கிறது. அந்தப் பெண்களில் யாரும் எந்தத் தெருவிலும் வாடகைக்கு வீடு கேட்டுப் பெற முடிகிற நாளில், போடியைக் கலந்த ஊர் என்று முழு மனதோடு சொல்லலாம்.